ஆங்கிலம் நமக்கு அயல்மொழி: அப்படியே கற்போம், அப்படியே கற்பிப்போம்

சங்கக் கூடத்தில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு நடத்தலாமா, கூடாதா? சில மாதங்களாக நம் உறுப்பினர்களிடையே நடந்து வரும் விவாதம் இது. ஒரு சாரார் கூறுகிறார்கள்: “ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கே பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது. தமிழ்ச் சங்கமே ஆங்கிலத்துக்குப் பாய் விரித்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.” மறு சாரார் கூறுகிறார்கள்: “தமிழ் வீட்டில் இருக்கிறது, வங்காளி தெருவில் இருக்கிறது. சோறு போடும் ஆங்கிலம்தான் எங்கும் கிடைக்கவில்லை. சங்கம் அதைத் தராவிட்டால் கடைக்காரனிடம் காசு கொடுத்து வாங்கத்தானே வேண்டும்?”

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. தமிழா, ஆங்கிலமா என்று தராசு பிடிக்கிறார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆங்கிலத்தை எந்த வழியாகக் கற்பிப்பது, யார் கையில் அந்த வகுப்பு இருப்பது என்பதுதான் அது. ஆங்கிலம் நமக்கு அயல்மொழி. அதை அயல்மொழியாகவே ஒப்புக்கொண்டு, தமிழில் கால் ஊன்றி, நம் சொந்தக் கூடத்தில் கற்போம். இதுவே இந்தத் தலையங்கத்தின் முடிவு. காரணங்களைக் கூறுகிறோம்.

நாம் பிழைக்கும் ஊரையே முதலில் பார்ப்போம். சால்ட் லேக் என்னும் பிதான்நகர், சதுப்பு நிலத்தை ஹூக்ளி ஆற்று மணலால் மேடாக்கி எழுப்பிய நகரம். டாக்டர் பிதான் சந்திர ராயின் கனவாகத் தொடங்கி, யுகோஸ்லாவிய நிபுணர் தோஸ்கோவிச் வரைந்த திட்டப்படி உருவானது. இன்று மேற்கு வங்கத்தின் கல்வி முழுவதும் இங்கிருந்துதான் ஆளப்படுகிறது. கல்வித் துறை பிகாஷ் பவனில் இருக்கிறது. மேல்நிலைக் கல்விக் குழு வித்யாசாகர் பெயரிலான கட்டடத்தில் இருக்கிறது. இடைநிலைக் கல்வி வாரியத்துக்கோ, இந்து கல்லூரியில் இளைஞர்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுத் தந்த டெரோசியோவின் பெயரில் ஒரு கட்டடம். ஊரின் மறு கோடியில் ஐந்தாம் செக்டர். கண்ணாடி மாளிகைகளில் பல நாட்டு நிறுவனங்களின் வேலை இரவு பகலாக ஆங்கிலத்தில் நடக்கிறது.

இந்த மாளிகைகளைக் கட்டியவர்களில் நம்மவர்களும் உண்டு. அவற்றின் வாசலில் காவல் நிற்கிறோம், கேண்டீனில் மாவு அரைக்கிறோம், காலேஜ் மோர் நடைபாதையில் இட்லித் தட்டு வைக்கிறோம், பிளாக் வீடுகளில் பாத்திரம் துலக்குகிறோம். கல்வித் தலைமையகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வாழும் நம் பிள்ளை, எட்டு வருடம் பள்ளி சென்ற பின்னும் ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தானாக நிரப்ப முடியாமல் நிற்கிறது. அப்பனுடைய சம்பளச் சீட்டில் என்ன பிடித்தம் என்று அதற்கும் தெரியவில்லை, அப்பனுக்கும் தெரியவில்லை. தெரிந்தவன் ஒப்பந்தக்காரன் ஒருவனே.

இலங்கையில் சிங்களத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘கடுவ’. வாள் என்று பொருள். ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவன் மேல் ஓங்கும் வாள் அது. பெயர் சிங்களம், ஆனால் வெட்டு நமக்கும் தெரிந்ததுதான். வாளைக் கண்டு கும்பிடுவதோ, கண்ணை மூடிக்கொண்டு “அது எனக்கு வேண்டாம்” என்பதோ உழைப்பாளிக்கு உதவாது. அதைக் கைக்கொள்ளப் பழக வேண்டும்.

கண்ணை மூடிக்கொள்வதால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாநிலமே சாட்சி. 1977இல் ஆட்சிக்கு வந்த இடது முன்னணி அரசு, 1980களின் தொடக்கத்தில் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புகளிலிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிட்டது. தாய்மொழி தாய்ப்பாலுக்குச் சமம் என்ற முழக்கம் அன்று ஊரெங்கும் ஒலித்தது. நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. புரியாத மொழியில் மிரண்டு ஏழைப் பிள்ளை படிப்பை விட்டு ஓடக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். மொழியியல் அறிஞர் சுகுமார் சென் போன்றவர்கள் அன்றே எதிர்த்தார்கள், அரசு கேட்கவில்லை.

விளைவு என்ன? வசதியுள்ளவன் தன் பிள்ளையைத் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினான். ஆங்கிலப் பள்ளிகள் பெருகின. வகுப்பறையிலிருந்து அகற்றப்பட்ட ஆங்கிலம் டியூஷன் வீடுகளில் விலைக்கு வந்தது. வாங்க முடியாத விவசாயி மகனும் ஆலைத் தொழிலாளி மகளுமே ஆங்கிலம் இல்லாமல் வளர்ந்தார்கள். பிறகு அரசே படிப்படியாக இறங்கி வந்தது. 1992இல் அசோக் மித்ரா கமிஷன் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் தொடங்கலாம் என்றது. 1998இல் பவித்ர சர்க்கார் குழு இன்னும் கீழே வரச் சொன்னது. 1999இல் மூன்றாம் வகுப்பிலும், 2004இல் முதல் வகுப்பிலும் ஆங்கிலம் திரும்பி வந்தது. இடையில் இருபது ஆண்டுகள் போய்விட்டன. ஒரு தலைமுறை ஏழைப் பிள்ளைகள் அந்த இடைவெளியில் வளர்ந்து வேலை தேடி அலைந்தார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் எது? “பார்த்தாயா, தாய்மொழி தாய்மொழி என்று சொல்லிக் கெட்டார்கள்” என்று சில மேதாவிகள் சொல்வார்கள். அது தவறான பாடம். தாய்மொழியில் கற்பித்தது கேட்டுக்குக் காரணம் அல்ல. தாய்மொழியின் துணையோடு ஆங்கிலத்தையும் நன்றாகக் கற்பிக்கும் பொறுப்பை அரசு கைகழுவி, அதைச் சந்தையிடம் விட்டதுதான் காரணம்.

தாய்மொழிக் கல்விக்காக ஆயுள் முழுதும் வாதாடிய ரவீந்திரநாத் தாகூரே இதற்கு வழி காட்டியிருக்கிறார். சாந்திநிகேதன் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘இங்கரேஜி சோபான்’ முதலிய ஆங்கிலப் பாடப் புத்தகங்களை அவரே உட்கார்ந்து எழுதினார். சோபான் என்றால் படிக்கட்டு. வங்காளிப் பிள்ளை தனக்குத் தெரிந்த வங்காளியில் நின்றுகொண்டு ஆங்கிலப் படி ஏறட்டும் என்பது அவர் முறை. தாய்மொழி மேல் பற்றுள்ளவன் ஆங்கிலத்துக்குப் பகைவனாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இந்த மண்ணில் வேறு என்ன வேண்டும்?

இன்று நம் தெருக்களில் நடப்பது என்ன? “தொண்ணூறு நாளில் சரளமான ஆங்கிலம்” என்று மின்கம்பத்துக்கு மின்கம்பம் தட்டி தொங்குகிறது. முன்பணம், புத்தகப் பணம், சான்றிதழ்ப் பணம் என்று மூன்று தடவை வாங்குகிறார்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டும் தாய்மார்களை நாம் அறிவோம். அங்கே முதல் விதி, வகுப்புக்குள் தாய்மொழி பேசக்கூடாது என்பது. அயல்நாட்டு விருந்தாளியை வரவேற்பது எப்படி, நேர்முகத் தேர்வில் சிரிப்பது எப்படி என்று சில வாக்கியங்களை உருப்போடச் சொல்கிறார்கள். பிள்ளை கிளி போலச் சொல்கிறது. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றிக் கேட்டால் வாயடைத்துப் போகிறது. மூன்று மாதம் கழித்துக் கையில் ஒரு சட்டம் போட்ட சான்றிதழும், மனதில் “எனக்கு மூளை இல்லை” என்ற தாழ்வும்தான் மிச்சம்.

மூளை இல்லாதது பிள்ளைக்கு அல்ல, அந்த முறைக்கு. ஆங்கிலம் வீட்டில் காதில் விழும் பிள்ளைக்கு ஒரு முறை. காதிலேயே விழாத பிள்ளைக்கு வேறு முறை. இதைத்தான் ‘அயல்மொழியாகக் கற்பித்தல்’ என்கிறோம். இது நம்மைத் தாழ்த்தும் சொல் அல்ல. எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதை நேர்மையாகச் சொல்லும் சொல்.

சில உதாரணங்கள் தருகிறோம். “நான் சம்பளம் வாங்கினேன்” என்பது தமிழ். வினை கடைசியில் நிற்கிறது. வங்காளியிலும் அப்படியே. ஆங்கிலத்தில் “ஐ காட் மை வேஜஸ்”: வினை நடுவில் வந்து உட்காருகிறது. தமிழும் வங்காளியும் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தின் முதல் இடறல் இங்கேதான். இதை ஒரு முறை தமிழில் விளக்கிச் சொன்னால் பாதி மலை கரைந்துவிடும். “தமிழ் பேசாதே” என்று வாயைக் கட்டிய வகுப்பில் இதை யார் விளக்குவது?

இன்னொன்று, நம் ‘இல்லை’ என்ற சொல். வரவில்லை, வாங்கவில்லை, அது சரியில்லை, பணம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்லை’ போதும். ஆங்கிலத்தில் ‘டிட் நாட்’, ‘டஸ் நாட்’, ‘இஸ் நாட்’, ‘நோ’ என்று இடத்துக்கு இடம் சட்டை மாற்றுகிறது. “நான் பணம் வாங்கவில்லை” என்று அடித்துச் சொல்லத் தெரியாத தொழிலாளி, வாங்காத முன்பணத்துக்கும் கைநாட்டு வைக்க நேரும். நமக்கு இது வெறும் இலக்கணப் பிரச்சினை அல்ல என்பதை யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, எழுத்து. மருந்துக்கடையில் மாத்திரைக்கும் ‘பில்’, கணக்குச் சீட்டுக்கும் ‘பில்’ என்றுதான் தமிழில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு, ஒலியும் வேறு. தமிழில் ஒரே ‘ப’ இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. வங்காளியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஆகவே வங்காளிப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைக்கு அந்த மொழியும் இங்கே கைகொடுக்கிறது. நமக்குத் தெரிந்த மொழி எதுவும் வீண் போவதில்லை. ஒவ்வொன்றும் அடுத்த மொழிக்கு ஏணி.

உச்சரிப்புக்காக யாரும் கூசவும் வேண்டாம். வங்காளியில் தண்ணீரையும் ‘தின்பார்கள்’, டீயையும் ‘தின்பார்கள்’, சிகரெட்டையும் ‘தின்பார்கள்’. அந்த வாசனை அவர்கள் ஆங்கிலத்திலும் எட்டிப் பார்க்கும். நம் ஆங்கிலத்தில் நம் வாசனை இருக்கும். எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வதும், நினைத்ததைச் சொல்வதும்தான் தேவை. துரை போலப் பேசுவது அல்ல.

அப்படியானால் எப்படிக் கற்பிப்பது? இதற்கும் நம் தென்னாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வி அறிஞர், பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் அதைப் ‘பெங்களூர்த் திட்டம்’ என்று படிக்கிறார்கள். இலக்கண விதியை உருப்போட வைப்பதற்குப் பதிலாகப் பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுப்பது அவர் முறை. ஒரு ரயில் கால அட்டவணை, அல்லது ஊர் வரைபடம். “இந்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டுமானால் எந்த வண்டியைப் பிடிப்பாய்?” என்ற கேள்வி. விடை கண்டுபிடிக்கும் முனைப்பில் பிள்ளை ஆங்கிலத்தைப் படிக்கிறது, கேட்கிறது, புரிந்துகொள்கிறது. மனம் வேலையில் இருக்க, மொழி தானே உள்ளே இறங்குகிறது.

ரயில் கால அட்டவணையைப் பற்றி ரயில்வேக் குமாஸ்தாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹவுராவில் சென்னை மெயில் ஏறும் நம் குடும்பங்களுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் கல்யாணம், முதல் நாள் மாலைக்குள் போக வேண்டும், எந்த வண்டி, எங்கே மாறுவது, முன்பதிவுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? இதைவிட நல்ல ஆங்கிலப் பாடம் எந்தக் கடைப் புத்தகத்தில் இருக்கிறது? சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். கணக்கு, மருந்துப் பட்டையில் உள்ள தேதி, ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூட நோட்டீஸ், கேட் பாஸ்: இவைதான் நம் பாடப் புத்தகங்கள்.

இனிச் செயலுக்கு வருவோம். சங்கக் கூடத்தில் ஆங்கிலக் கற்றல் மையம் தொடங்குவதற்கு இந்த ஏடு முன்வைக்கும் திட்டம் இது:

1. மூன்று பிரிவுகள். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் மதிய வேலை முடிந்து மாலை வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம். ஆண்களுக்கு இரவு ஏழரை மணிக்குப் பின். பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை.

2. ஒரு பிரிவில் பதினைந்து பேருக்கு மேல் கூடாது. கூட்டம் சேர்ந்தால் பேச்சு போய்ப் பிரசங்கம்தான் மிஞ்சும்.

3. விளக்கம் தமிழில், பயிற்சி ஆங்கிலத்தில். தமிழ் பேசியதற்கு எவரையும் கண்டிக்கக்கூடாது.

4. பிள்ளைகள் பிரிவில் முதல் அரை மணி நேரம் தமிழ் எழுத்தும் வாசிப்பும். அதற்கு வராதவருக்கு அடுத்த ஒரு மணி நேர ஆங்கிலம் இல்லை. தமிழ் வகுப்பை ஆங்கிலம் தின்றுவிடுமோ என்று அஞ்சும் பெரியவர்களுக்கு இதுவே நம் பதில். தமிழ் வகுப்பு மூடப்படாது. அதுவே ஆங்கில வகுப்புக்கு வாசற்படி ஆகும்.

5. ஆசிரியர்கள் நம்மவர்களே. கல்லூரி சென்ற நம் பிள்ளைகள், ஓய்வு பெற்ற அலுவலர்கள், ஐந்தாம் செக்டர் அலுவலகங்களில் மேசை வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள். அந்த இளைஞர்களிடம் ஒரு வார்த்தை: தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் தினமும் நுழையும் வாசலில் உங்களுக்குச் சலாம் வைப்பவர் உங்கள் ஊர்க்காரராக இருக்கலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் கேட்கிறோம். நன்கொடை வேண்டாம், நேரம் தாருங்கள்.

6. கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. மூன்று மாதம் கழித்துத் தன் சம்பளச் சீட்டைத் தானே படித்துக் காட்டுவதுதான் பரீட்சை.

பெண்கள் பிரிவைப் பற்றித் தனியாக ஒரு சொல். “அவள் படித்து என்ன செய்யப் போகிறாள்?” என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பிள்ளையின் பள்ளி நோட்டீஸ் முதலில் வருவது யார் கைக்கு? காய்ச்சல் மருந்தைப் பார்த்துக் கொடுப்பது யார்? முதலில் அவர்களுக்குத்தான் கூடத்தின் சாவி. வீட்டில் அந்த ஒரு மணி நேரத்துக்கு அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் தோழர்களே.

ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. நாம் நடத்தும் மையம் அரசின் கடமைக்கு மாற்று அல்ல. தொழிலாளி ஆங்கிலம் கற்றால் போதும், ஏமாற்றுக்காரன் திருந்திவிடுவான் என்றும் நாம் நம்பவில்லை. புரியாத மொழியில் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது, படிக்காதவனின் குற்றம் அல்ல, நீட்டியவனின் குற்றம். 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் இதை உணர்ந்திருந்தது. ஒப்பந்தக்காரர் தரும் பாஸ் புத்தகத்தில் இந்தி, ஆங்கிலத்தோடு தொழிலாளியின் மொழியிலும் விவரங்கள் இருக்க வேண்டும் என்று அது எழுதியது. அந்தச் சட்டத்தை 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். தமிழில் எழுதிய பாஸ் புத்தகத்தைத் தன் கண்ணால் கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு. 1956இல் சேர்க்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. எனவே நாம் கோருகிறோம்: நம் பிள்ளைகள் கூடிப் படிக்கும் அரசுப் பள்ளிகளில் வாரத்தில் சில மணி நேரமாவது தமிழ் கற்பிக்க ஏற்பாடு வேண்டும். தொடக்க வகுப்புகளில் ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும். சம்பளச் சீட்டும் ஒப்பந்தமும் தொழிலாளி படிக்கும் மொழியில் தரப்பட வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ரயில்வே வேலைத் தேர்வை இன்று தமிழிலும் எழுதலாம், வங்காளியிலும் எழுதலாம். ஒரு காலத்தில் அதுவும் நடக்காத காரியமாகத்தான் இருந்தது. ஆனால் தேர்வைத் தமிழில் எழுதி உள்ளே வந்தவனும், அலுவலகச் சுற்றறிக்கைகளை ஆங்கிலத்தில் படித்தாக வேண்டியிருக்கிறது. ஆகவே உரிமைக்காகத் தமிழில் குரல் கொடுப்போம். அந்த உரிமையை எழுத்தில் சரிபார்க்க ஆங்கிலமும் கற்போம். ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

பெயர் கொடுக்க விரும்புவோர் இம்மாத இறுதிக்குள் தங்கள் பகுதிச் செயலாளரிடம் சொல்லுங்கள். நோட்டும் பென்சிலும் சங்கம் தரும். நீங்கள் கொண்டுவர வேண்டியது ஒன்றே ஒன்று: போன மாதச் சம்பளச் சீட்டு. முதல் பாடம் அதிலிருந்து தொடங்கும்.